ஞாழல் முதலிய பூப்பெயர்களும் அவற்றின் உச்சாரணமும்

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு செல்லும் வழியில், நகரத்துக்கு அணித்தாகவே அமைந்திருக்கும் தருமபுரம், மயிலாடுதுறையை அடுத்து ஆதீனத்தால் புகழ்பெற்ற தருமபுரத்தோடு பெயரளவில் அடிக்கடி மயங்கப் பெறுவதாயினும், தமிழிசையின் சரித்திரத்தில் தனக்கே உரிய ஓர் இடத்தைப் பெற்ற ஸ்தலமாகும். திருஞானசம்பந்தரோடு உடன் சென்று, அவர் பாடிய பதிகங்களை யாழில் இட்டு வாசித்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கு இது தாய் பிறந்த ஊர். பாணர் வாசிப்பதனாலேயே பதிகங்கள் உலகிற் சிறந்து பரவுகின்றன என்று இங்கிருந்த சுற்றத்தார் பெருமை பேச, அது கேட்டு மனம் பதைத்த பாணர், யாழில் அடங்காததொரு பதிகத்தைப் பாடியருள வேண்டுமென்று சம்பந்தரை வேண்டிக்கொண்டார். அவ்வாறு பாடப்பெற்றதே, முதல் திருமுறையின் 136-ஆவதும் இறுதியுமான பதிகமாக இன்று நிற்கும் யாழ்மூரி என்பது, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிவைத்த வரலாறு. வாசிக்க முயன்று, இயலாமற்போய், யாழையே உடைக்கத் துணிந்த பாணரைத் தடுத்து, கருவியில் வந்த அளவுக்கு வாசித்தலே அமையும் என்று சம்பந்தர் தேற்றினார். கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு யாழ்மூரிநாதர் என்னும் திருநாமம் இக்காரணம் பற்றியே வழங்குகிறது.

இந்த விருத்தாந்தத்தைப் பக்தியோடு நோக்குவார்க்கு ஒரு பொருளும், ஒலியின் இயல்பை ஆராய்வார்க்கு வேறொரு பொருளும் புலப்படும். குரல் எழுப்பும் ஒலி முழுவதையும் ஒரு கருவி ஏற்றுக்கொண்டே தீரவேண்டும் என்னும் நியதி இல்லை. எழுத்தும் அத்தகைய ஒரு கருவியே. நாள்தோறும் வழங்கும் சொற்களில் அதன் குறை நமக்குத் தோன்றுவதில்லை. ஏனெனில் எழுத்து விட்டதைப் பழக்கம் நிரப்பிவிடுகிறது. பழக்கத்தின் துணையில்லாத ஓர் அரிய பெயர், அதிலும் பழம்பாட்டுக்களில் மாத்திரம் பூத்துக்கொண்டிருந்த ஒரு மலரின் பெயர், பெண்மகவு ஒன்றுக்கு இடப்படும்போதுதான், இதனை எப்படிச் சொல்வது என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு விடை கூறும் உரிமை யாருக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பூப்பெயர்களின் மூன்று படிவுகள்

சோழநாட்டுக் கடற்கரையில் பெண்டிர்க்கு வழங்கிவந்திருக்கும் பூப்பெயர்களைத் தொகுத்து நோக்கினால், அவை மூன்று காலப்படிவுகளாக நமக்குத் தோற்றமளிக்கின்றன. பங்கஜம், சரோஜா, குமுதவல்லி, புஷ்பவல்லி, செண்பகவல்லி, மாலதி முதலியவை வடமொழி வழியாகவும் கோயில் வழியாகவும் வந்தவை. திருவாரூர்ப் பெருங்கோயிலில் அம்மைக்கு நீலோத்பலாம்பாள் என்றும் அல்லியம்பூங்கோதை என்றும் இரண்டு திருநாமங்கள் அருகருகே வழங்குவது, ஒரு குவளையினமே இரு மொழிகளிலும் மலர்ந்து நிற்பதற்குத் தக்க உதாரணம். அவற்றுள் முன்னையதைப் பற்றி முத்துசுவாமி தீட்சிதர் விபக்தி கீர்த்தனங்கள் பாடியிருக்கிறார். தருமபுரத்துக்குத் தெற்கே, தொலைவில் அல்லாத திருமருகலில் அம்மையின் பெயர் வண்டுவார்குழலி. பூவின் பெயரைச் சொல்லாமலே, வண்டைச் சொல்லிப் பூவை உய்த்துணர வைக்கும் அழகு அதில் உண்டு.

இரண்டாவது படிவு, 20-ஆம் நூற்றாண்டின் தமிழுணர்ச்சியோடு வந்தது. நாகைப் பகுதியில் 1876-இல் பிறந்த சுவாமி வேதாசலம், 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி மறைமலையடிகளாக மாறிய பின்னர், பெயரிடுதலே ஒரு கொள்கையாயிற்று. மலர்க்கொடி, பூங்கோதை, தாமரைச்செல்வி, பூங்குழலி என்றாற்போன்ற பெயர்கள் பெருகின. செந்தாமரை, மலர்விழி, அல்லி என்று டாக்டர் மு. வரதராசனார் தம் நாவல்களுக்குப் பெயரிட்டதும், இதே கடற்கரையின் தென்கோடியாகிய கோடிக்கரையில் ஓடம் செலுத்தும் பூங்குழலியைக் கல்கி 1950 முதல் வாரந்தோறும் வாசகர் முன் நிறுத்தியதும், இப்பெயர்களை நூலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

மூன்றாவது படிவு நம் காலத்தது. நறுமுகை, காந்தள், மௌவல், ஞாழல் என்று சங்கநூல்களுக்குள்ளேயே நேராகச் சென்று பெயர் பறித்துவருவோரின் விருப்பத்தால் உண்டாவது அது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு ஒன்றே 99 மலர்களைத் தொகுத்துத் தருவதால் இவ்விருப்பத்துக்கு இடம் மிகுதி. உச்சாரணச் சிக்கல் முற்றித் தோன்றுவதும் இப்படிவிலேதான். ஆகவே அதிலிருந்து ஞாழல் என்னும் ஒன்றையே எடுத்து விரிவாக ஆராய்வோம்.

இலக்கணம் சொல்லும் விடை

ஞாழல் நெய்தல் நிலத்து மரம். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில், 141 முதல் 150 வரையுள்ள பத்துப் பாட்டுக்கள் ஞாழற் பத்து என்றே பெயர் பெற்றிருக்கின்றன. கடலோர மணல்மேட்டில் நின்று, சிறிய பூக்களால் மணம் பரப்பும் மரமாக அது அங்கே காட்சியளிக்கிறது. உரைகாரர் அதனைப் புலிநகக்கொன்றை என்பர். யாழ்மூரிப் பதிகத்தின் முதற்பாட்டில் அலை மோதும் கரையும் புன்னைப் பூவும் வண்டும் குயிலும் சேர்ந்து தோன்றுவதை எண்ணினால், காரைக்கால் வட்டத்துக் குடும்பம் ஒன்று தன் மகவுக்குப் பெயர் தேடும்போது ஞாழலை நாடுவது மிகவும் பொருத்தமானதே. ஆயினும் அப்பெயரைப் பிழையின்றிச் சொல்ல நாவுக்குச் சிறிது பயிற்சி வேண்டும்.

தொல்காப்பியப் பிறப்பியலின்படி, சகரமும் ஞகரமும் நாவின் நடுப்பகுதி அண்ணத்தின் நடுப்பகுதியைச் சேர்வதால் பிறப்பவை. மெல்லெழுத்தாகிய ஞகரத்தில் மூச்சு மூக்கின் வழியே செல்லும். எனவே ஞா என்பது, நகரத்தையும் யகரத்தையும் ஒட்டவைத்தாற்போன்ற ‘ந்யா’ அன்று. நுனிநா பல்லைத் தொடும் ‘நா’வும் அன்று. ‘மஞ்சள்’, ‘இஞ்சி’ என்னும் சொற்களில் நம் நா இயல்பாகவே எங்கே சென்று நிற்கிறதோ, அங்கேயே நிறுத்தி ஆகாரத்தை எழுப்பினால் ஞா பிறந்துவிடும். சொல்லின் முதலில் ஞகரம் ஆ, எ, ஒ என்னும் மூன்று உயிர்களோடு மாத்திரமே வரும் என்று தொல்காப்பியர் வரையறுத்திருப்பதால், இது தொடக்கத்திலேயே அருகிய வழக்குடைய ஒலி என்பதும் விளங்கும்.

அடுத்து வரும் ழகரத்துக்கு, நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட வேண்டும் என்று அதே இயல் விதிக்கிறது. வருடுதல் என்ற சொல்லின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நா அண்ணத்தை அழுத்தித் தொடுமானால் ஒலி வேறாகிவிடும். உள்நோக்கி மடங்கிய நுனி, அண்ணத்தை அணுகியும் அடைக்காமலும் நிற்க, குரல் அதன்மேல் தடையின்றிக் கடந்து செல்வதே ழகரம். ளகரத்திலோ நா அண்ணத்தைத் தொட்டு நடுவழியை அடைத்துக்கொள்ள, மூச்சு இருபுறமாகவும் ஒதுங்கிச் செல்லும். தொடுகிறதா, தொடவில்லையா என்பதே இரண்டுக்கும் உரிய சோதனை. இறுதியில் நிற்கும் லகர ஒற்றுக்கு நா முன்னே திரும்பிப் பல்லின் அடியைச் சேர வேண்டும். இவ்வாறு, மூன்றரை மாத்திரையே ஒலிக்கும் ஒரு சிறு சொல்லுக்குள் நாவானது நடுவண்ணத்திலிருந்து பின்னே மடங்கி, மீண்டும் பல்லடிக்கு ஓடிவருகிறது. ஞாழல் பழகாத நாவுக்குக் கடினமாகத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

அழைக்கும்போது பெயர் மேலும் ஒரு மாற்றம் அடையும். லகர ஒற்றில் முடியும் பெயர்கள் விளியேற்கையில் ஈற்றயல் நீளும் என்பது பழைய விதி. தோன்றல் ‘தோன்றால்’ ஆவதுபோல ஞாழல் ‘ஞாழால்’ ஆகும். இன்றைய வீட்டிலோ, கயல் ‘கயலு’ ஆவதுபோல, உகரம் ஒன்று சேர்ந்து ‘ஞாழலு’ என்றே அழைப்பு வரும். எழுதிய வடிவம் ஒன்று, விளித்த வடிவம் மற்றொன்று என்பது தமிழில் நூதனமன்று.

நாட்டு வழக்கின் விடை

இலக்கணத்தை இவ்வளவு சொன்ன பிறகு, காரைக்கால் வட்டத்தின் தெருவில் அப்பெயர் எப்படி ஒலிக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டெல்டாக் கடற்கரையின் சாதாரணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரத்தில் கலந்துவிட்டது. ‘வாளப்பளம்’ என்று சொல்லும் பாட்டி, பூங்குழலியைப் ‘பூங்குளலி’ என்றே அழைப்பாள். தொண்டைமண்டலத்தின் சில பகுதிகளில் இதே ழகரம் யகரமாக மாறிப் பழம் ‘பயம்’ ஆகிறது. சொன்முதல் ஞகரத்தின் கதை இதனினும் பழைமையானது. ஞெண்டு நண்டாகவும், ஞாண் நாணாகவும், ஞான்று நான்றாகவும் நூல்வழக்கிலேயே மாறிவிட, ஞாயிற்றுக்கிழமையைப் பேச்சில் ‘நாயித்துக்கெளம’ என்பதும் அம்மாற்றத்தின் தொடர்ச்சியே. ஆகவே ஞாழல் என்று பெயரிட்ட வீட்டில், முதியோர் வாயில் அது ‘நாளலு’ என்று வழங்குமாயின், அது அறியாமையின் விளைவன்று. ஞெண்டை நண்டாக்கிய அதே நெறி, இன்னும் உயிரோடு தொழிற்படுவதன் அடையாளமே.

வடமொழிப் பெயர்களிலும் இத்தகைய இரட்டை நிலை உண்டு. பங்கஜம் தமிழில் பங்கயமாகவும், நீலோத்பலம் நீலோற்பலமாகவும், புஷ்பம் புட்பமாகவும் திரிவதற்கு நன்னூல் முதலிய நூல்கள் விதி வகுத்திருக்கின்றன. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி இங்கே வேறு விதமானது. குமுதம் என்பதில் தகரம் மென்மையாகவும், தாமரை என்பதில் அதே தகரம் வன்மையாகவும் ஒலிப்பதைத் தமிழெழுத்து காட்டுவதில்லை. இடம் நோக்கி ஒலியை வேறுபடுத்தும் பொறுப்பைப் படிப்பவனிடமே அது விட்டுவிடுகிறது. தருமபுரம் என்ற ஊர்ப்பெயரே இதற்குச் சான்று. எழுதுவது தருமபுரம், பலரும் சொல்வது, முதலெழுத்தை வடமொழிக்கேற்ப மென்மையாக்கித் ‘தர்மபுரம்’ என்று. இவ்விரண்டில் எது பிழையென்று ஊரார் வழக்காடியதில்லை.

பதிவேட்டின் விடை

சொல்வோர் வாயை விட்டுப் பெயர்கள் அரசாங்கப் புத்தகத்துக்குள் புகுந்தபோதுதான் விசித்திரமான நிகழ்ச்சிகள் உண்டாயின. சோழமண்டலம் என்பதே போர்ச்சுகீசியர் முதலியோர் வாயில் கோரமண்டல் ஆயிற்று என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. அதன்படி இக்கரையின் பெயரிலுள்ள ழகரம் முதலில் ரகரமாக மாறியது. ஆங்கிலேயர் சோழரை எழுதும்போது லகரத்தை இட்டனர். பிரெஞ்சுக்காரர் 1739-இல் காரைக்காலைப் பெற்று இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆண்டபோது, மூன்றாவது ஒரு வழியைக் கையாண்டனர். ஆங்கிலேயர் ‘ஜே’ என்றும், பிரெஞ்சுக்காரர் ஏறக்குறைய ‘ழி’ என்றும் பெயர் கூறும் எழுத்தை அவர்கள் ழகரத்துக்கு அமைத்துக்கொண்டனர். பழனி அவ்வாறே எழுதப்பட்டது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள், 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த கீழூரும் அவ்வாறே எழுதப்பட்டது. ஒழுகரை என்னும் ஊர்ப்பெயர் மாத்திரம் லகரத்தோடு நின்றுபோனதைக் கொண்டு, இம்முறை எல்லா இடங்களிலும் ஒரே சீராகப் பரவவில்லை என்று கொள்ளலாம்.

இந்த எழுத்துமுறையைக் கேலி செய்வது எளிது. ஆராய்ந்து பார்த்தால் அதனுள் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். இரண்டு உயிர்களுக்கு இடையே ஒற்றைச் சகரக்குறி வந்தால் பிரெஞ்சு நா அதனை அதிர்வுடையதாக்கிவிடும் என்பதனால் இராமசாமி என்பதில் அவ்வெழுத்தை இரட்டித்தார்கள். ‘அன்’, ‘அம்’ என்று முடியும் பெயர்களை மூக்கொலியாக மாற்றிவிடாதபடி, இறுதியில் ஒலியாத ஓர் எகரத்தைச் சேர்த்தார்கள். ஜகரத்தைப் பெரும்பாலும் இரண்டெழுத்துக் கூட்டால் எழுதி, ழகரத்துக்கு ஒற்றை எழுத்தை ஒதுக்கினார்கள். இதனால் மலர்விழியின் ழகரமும் அல்லியின் லகரமும் அவர்கள் ஏட்டில் வெவ்வேறாகவே நின்றன. ஊரார் பேச்சிலோ ழகரம் ளகரமாகியிருந்தது. நாட்டு நா கைவிட்ட ஒரு வேறுபாட்டை அந்நியனுடைய எழுத்து காத்துவைத்தது என்பது, இவ்வாராய்ச்சியில் நாம் காணும் வியத்தகு உண்மைகளுள் ஒன்று. இதற்கு ஈடு செய்வதுபோல, பிரெஞ்சுக் கவிஞரை ‘ழாக் ப்ரெவெர்’ என்று, சொல்லின் முதலில் ழகரம் வாராது என்னும் விதியையும் கடந்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிவருகின்றனர்.

ஆனால் இவ்வொழுங்கு, பிரெஞ்சு ஒலியறிந்து படிப்பவனை நம்பி அமைந்தது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியும் ஆட்சி மாறிய பின்னர், அதே எழுத்துக்களை ஆங்கிலப் பழக்கத்தோடு படிக்கும் குமாஸ்தாவும் உபாத்தியாயரும் வந்தனர். அவர்கள் கண்ணில் மலர்விழி ‘மலர்விஜி’ ஆனாள். பூங்குழலி ‘பௌங்கௌஜலி’ ஆவதற்கும் தடையில்லாமற்போயிற்று. புதிய ஆங்கில முறையோ ழகரத்துக்கு ‘இஸட்’டையும் ‘எச்’சையும் சேர்த்து எழுதுகிறது, வடநாட்டார் அதனைக் கண்டால் ‘மலர்விஸி’ என்கின்றனர். மலேசியாவில் லகரக்குறி இட்டு எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. ஆக, ஒரு குடும்பத்தின் மூன்று கிளைகளில் மலர்விழி என்ற ஒரே பெயருடைய மூன்று பெண்டிர் இருப்பாராயின், காரைக்காலில் ஒரு விதமாகவும், சென்னையில் ஒரு விதமாகவும், கோலாலம்பூரில் ஒரு விதமாகவும் எழுதப்பட்டு, மூன்று அந்நியர் வாயில் மூன்று வேறு பெண்டிராகவே ஆகிவிடக்கூடும்.

எழுத்தே உச்சாரணத்தை ஆளத் தொடங்கிவிட்டால் அதன் முடிவு எதுவாகும் என்பதைக் கடல் கடந்து சென்றோரின் சரித்திரம் காட்டுகிறது. 1861-இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ், ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிய துறைகளுள் காரைக்காலும் ஒன்று. ரெயூனியன், குவாதலூப், மார்த்தினீக் தீவுகளில் இறங்கியவர்களின் தனிப்பெயர்கள் அவ்விடத்துக் குமாஸ்தாக்களின் ஏட்டில் ஏறி, காலக்கிரமத்தில் குடும்பப் பெயர்களாகி, வழிவழியாக இறங்கின. அழைப்போர் மொழி தமிழாக இருந்த தலைமுறை மறைந்தது; அதன்பின் ஏட்டிலிருந்த எழுத்தையே அவர்தம் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சு முறையில் வாசித்தனர். இராமசாமியின் நெடில்கள் மறைந்தன. அழுத்தம் கடைசி அசைக்குச் சென்றது. காரைக்காலிலேயே, 1881 செப்டம்பர் 21-ஆம் நாளைய ஆணைப்படி சுயமரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் நிலையான குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அவர்களைச் சுற்றித் தமிழ் பேசும் ஊர் இருந்தபடியால், வீட்டில் வழங்கிய பெயர்களின் ஓசை அழியவில்லை. தீவுக்கும் ஊருக்கும் உள்ள இந்த வேறுபாடே நம் ஆராய்ச்சிக்கு முக்கியமான ஆதாரம். பெயரைத் தக்கவைப்பது அழைப்போர் கூட்டம்; அக்கூட்டம் கலைந்த இடத்தில்தான் பதிவேடு எஜமானாகிறது.

யார் சொல்வது முடிவு

இம்மூன்று விடைகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால், அவை தம்முள் பகைப்பன அல்ல. ஒவ்வொன்றும் தனக்குரிய எல்லையில் அதிகாரம் உடையது என்பது புலனாகும். பூவுக்கு இலக்கணமே அதிகாரி. ஐங்குறுநூற்றைப் பாடம் சொல்லும் ஆசிரியர் ‘நாளல்’ என்று வாசிப்பாராயின் அது பிழை. அவர் நாவை நடுவண்ணத்தில் நிறுத்தவும், நுனியை மடக்கவும் பழகியே தீரவேண்டும். பெண்ணுக்கோ அவளே அதிகாரி. ஞாழல் என்று பெயர் பெற்றவள், தன் பாட்டி அழைத்தவாறே ‘நாளல்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்வாளாயின், அவளைத் திருத்த இலக்கண ஆசிரியருக்கு உரிமை இல்லை. பங்கஜம் என்று பெயருடையவளைத் தமிழ்ப்பற்றின் மிகுதியால் பங்கயம் என்று அழைப்பதும், பங்கயம் என்பவளைப் பாண்டித்தியத்தின் மிகுதியால் பங்கஜம் ஆக்குவதும் ஒரே வகைத் தவறுகளே. பெயர் என்பது ஒருவரைச் சுட்டுதற்கு ஏற்பட்டது. சுட்டப்பட்டவர் திரும்பிப் பார்ப்பதே அது நிறைவேறிய இடம்.

இதிலிருந்து, அரிய பூப்பெயரை விரும்பும் பெற்றோர்க்குச் சில கடமைகள் தாமே பெறப்படுகின்றன. பெயரைத் தேர்ந்த உடனே அதனை வீட்டிலுள்ள முதியோரையும் சிறுவரையும் சொல்லச் செய்து கேட்க வேண்டும். அவர்கள் வாயில் அது எவ்வாறு திரியுமோ, அத்திரிபும் தமக்கு இனிதாயிருக்கிறதா என்று எண்ணித் துணிய வேண்டும். பதிவு செய்யுங்கால் தமிழெழுத்து வடிவத்தையே மூலமாகக் கொண்டு, அந்நிய எழுத்தை அதன் நிழலாகவே எண்ணி, ஒரு முறை தேர்ந்த எழுத்துக்கூட்டைப் பள்ளிச் சான்றிதழ் முதல் பாஸ்போர்ட் வரையில் மாற்றாமற் காக்க வேண்டும். குறையுள்ள எழுத்துக்கூட்டும் ஒரே சீராயிருந்தால் தீங்கு செய்வதில்லை. குழந்தையின் நா முற்றுமுன், ஐந்தாறு வயதுக்குள், தன் பெயரைத் தானே தெளிவாகச் சொல்ல அதனைப் பழக்கிவிட வேண்டும். ஆசிரியர்க்கு உரிய கடமை இதனினும் சிறியது. வருகைப் பட்டியலில் பழகாத பெயர் ஒன்றைக் கண்டால், எழுத்தைக் கூட்டித் தாமே ஒரு பெயரை உண்டாக்காமல், ‘உன் பேரை நீயே சொல்லம்மா’ என்று முதல்நாள் ஒரு முறை கேட்டு, கேட்டவாறே ஆண்டு முழுவதும் அழைப்பது. அப்பெண்ணின் வாயிலிருந்து வரும் அந்த விடைக்குப் பின், ஏட்டில் எவ்வாறு எழுதியிருக்கிறது என்ற வினா, அஞ்சல் உறைக்கும் அரசாங்கப் படிவத்துக்கும் மாத்திரம் உரிய விஷயமாகச் சுருங்கிவிடும்.